செவிடன் படம் பார்க்கப் போன அத்தை

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு எப்படியும் சினிமாவில் வந்து நிற்கிறது. எந்தப் படத்துக்கு எத்தனை தடவை போனோம், எந்தப் பாட்டுக்குத் திரையை நோக்கிக் காசு எறிந்தோம் என்று ஆளுக்கொன்று சொல்கிறீர்கள். நான் பேசாமல் இருப்பதைப் பார்த்து, இவள் வீட்டில் சினிமாவுக்கே விட்டிருக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பீர்கள். விடவில்லைதான். ஆனால் ஒரு வருஷம், கச்சான் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிய நாளிலிருந்து மழைக்காற்று திரும்பும் வரைக்கும், நான் நிறையப் படம் பார்த்தேன். அவற்றில் பாட்டு கிடையாது. அம்மா பாசம் கிடையாது. நடித்தவர்களின் சொந்தப் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அதைச் சொல்ல ஆரம்பித்தால் எங்கள் அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டிவரும். அதனால்தான் இதுவரை சொல்லவில்லை.

தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. பாறை ஏற்றிய லாரிகள் பகலெல்லாம் கடலைப் பார்த்துப் போகும். வெறும் லாரியாகத் திரும்பும். எங்கள் தெருவில் துணி காயப்போட்டால் ஒரு பக்கம் உப்பும் ஒரு பக்கம் செம்மண்ணும் படியும். அப்பாவுக்குத் தோணித் துறையில் சரக்கு ஏற்றுவதையும் இறக்குவதையும் மேற்பார்க்கும் வேலை. அத்தை அப்பாவுக்கு ஒரே தங்கை. டைப்பில் ஹையர் முடித்து, ஒரு கப்பல் ஏஜெண்ட் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தாள். முப்பது தாண்டியிருந்தது. மூன்று இடத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போய், மூன்றும் நின்றுபோயிருந்தன. முதல் இரண்டு அவர்கள் வேண்டாம் என்றது. மூன்றாவது அத்தை வேண்டாம் என்றது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவளைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. அவள் குடையைக் கையில் எடுத்தாலே அம்மாவின் கண் கடிகாரத்துக்குப் போகும்.

சனிக்கிழமை அத்தைக்கு அரைநாள் வேலை. ஒரு மணிக்கு ஆபீஸ் விட்டால் ஒன்றரைக்கு வீட்டுக்கு வந்திருக்க வேண்டும். அவள் வரும்போது ஐந்தரை ஆகியிருக்கும். கேட்டால், மாதா கோயிலில் பெண்கள் சபைக் கூட்டம் என்பாள். ஒரு சனிக்கிழமை அவள் சேலை மாற்றிக்கொண்டு முகம் கழுவப் பின்கட்டுக்குப் போனதும், கொடியில் கிடந்த அவளுடைய சேலையை அம்மா எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏளா, சபைக் கூட்டத்துல பீடி குடிக்காங்களா?”

நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை.

“வார சனிக்கிழமை ஆபீஸ் விடுத நேரத்துக்கு நீ போயி நிக்கணும். அவ எங்கன போறா, யாருகிட்டப் பேசுதான்னு பாத்துட்டு வந்து எங்கிட்டச் சொல்லணும். அவ கண்ணுல பட்டுராத.”

எனக்குப் பத்து வயது. அந்த வேலை ரொம்பப் பிடித்திருந்தது.

அத்தை ஆபீசை விட்டு இறங்கி, கோயில் இருந்த திசைக்கு நேர் எதிர்த்திசையில் நடந்தாள். நான் உப்பு மூட்டை ஏற்றிய மாட்டுவண்டிக்குப் பின்னால் ஒளிந்து ஒளிந்து போனேன். போய் நின்ற இடம் ஒரு தியேட்டர். முன்பு பஞ்சு மூட்டை அடுக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டடம். தகரக் கூரை. சனி, ஞாயிறு மேட்னியில் மட்டும் அங்கே இங்கிலீஷ் படம் போடுவார்கள். பக்கவாட்டுப் படிக்கட்டில் கட்டம் போட்ட சட்டை அணிந்த ஒருவர், கையைக் கழிவுப் பஞ்சில் துடைத்துக்கொண்டு நின்றார். அத்தை நேராக அவரிடம் போய் ஏதோ கேட்டாள். அவர் ஏதோ சொன்னார். அத்தை சிரித்தாள்.

எங்கள் வீட்டில் அத்தை பல் தெரியச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆள் இவன்தான் என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லத் திரும்பி ஓடப் பார்த்தவள், சோடாப் பெட்டியில் காலை இடித்துக்கொண்டேன். கோலிசோடா பாட்டில்கள் எல்லாம் சேர்ந்து சத்தம் போட்டன.

அத்தை கிட்டே வந்தாள். “உங்கம்மை அனுப்புனாளா?”

இல்லை என்று தலையாட்டினேன்.

“பொய்யி. சரி, வந்தது வந்துட்ட. உள்ள வா.”

பெண்கள் பகுதி என்று முழங்கால் உயரச் சுவர் வைத்துத் தடுத்த இடத்தில் பத்துப் பன்னிரண்டு பெஞ்சுகள். அத்தனைக்கும் ஆட்கள் நாங்கள் இருவரும், காலையில் மீன் விற்றுவிட்டு மின்விசிறிக் காற்றுக்காகத் தூங்க வந்திருந்த ஒரு அம்மாவும்தான். சுவருக்கு அந்தப் பக்கம் முழுக்க ஆம்பிளைகள். கப்பல் ஆட்கள், துறைமுக வேலைக்கு வந்த ஓவர்சியர்கள், காலேஜ் பையன்கள், இங்கிலீஷில் ஒரு வார்த்தை தெரியாத தோணிக்காரர்கள். அவர்களுடைய பீடிப்புகை எழுந்து, புரொஜெக்டர் வெளிச்சத்தில் நெளிந்து, எங்கள் பக்கம் இறங்கியது. டிக்கெட் கிழிக்கிற அக்கா கையில் டார்ச்சோடு வந்து, “இன்னைக்கித் துணைக்கு ஆள் இருக்கு போலயே” என்று என் கன்னத்தைக் கிள்ளினாள். அத்தைக்கு அங்கே வழக்கமான பெஞ்ச் ஒன்று இருந்தது. இரண்டாவது வரிசை, சுவர் ஓரம்.

அன்றைக்குப் பார்த்ததுதான் முதல் படம். இங்கிலீஷில் அதற்கு நீளமான பெயர் இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அது ‘செவிடன் படம்’. துப்பாக்கிக்காரன் ஒருவன். அவனுக்குக் காது கேட்காது. குதிரைகள் வருகின்றனவா என்று தெரிந்துகொள்ள மண்ணில் உள்ளங்கையை விரித்து வைப்பான். யாராவது பேசினால் அவர்கள் வாயைப் பார்ப்பான். பார்த்துக்கொண்டே இருப்பான். திரை முழுக்க இரண்டே இரண்டு கண். கொட்டகையில் இருமல் சத்தம்கூட இருக்காது. காது கேளாதவன்தானே என்ற தைரியத்தில் அவன் முதுகுக்குப் பின்னால் வருகிறவன், கடைசியில் தன் நிழலாலேயே பிடிபட்டுச் சாவான்.

எனக்குப் பயமாக இருந்தது. கண்ணை மூடவும் முடியவில்லை. அந்த மண்ணை எனக்குத் தெரியும் என்று தோன்றிக்கொண்டே இருந்தது. விளாத்திகுளம் போகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாகப் பார்த்த மண். உடைமரம், வெறும் பொட்டல், கண் கூசுகிற வெயில், தூரத்தில் ஒரு கோயில் மணிக்கூண்டு. அதில் வருகிற ஆட்களும் நம் ஆட்கள் மாதிரியே வேர்த்து வழிந்துகொண்டு, அழுக்குச் சட்டையோடு, ஈயை விரட்டிக்கொண்டு இருந்தார்கள். வெள்ளைக்காரன் இவ்வளவு அழுக்காக இருப்பான் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. தோணிக்காரர்களுக்கு அந்தப் படங்கள் ஏன் பிடித்திருந்தன என்று இப்போது புரிகிறது. பேச்சுக் கம்மி. வெயில் ஜாஸ்தி. யாரும் யாரையும் நம்புவதில்லை.

படம் விட்டதும் அத்தை தண்ணீர் தொட்டுத் தன் முகத்தையும் என் முகத்தையும் துடைத்தாள்.

“அவன் எங்கன போறான்னு யாராவது கேட்டாங்களா, பாத்தியா?” என்றாள்.

“யாரு கேக்கணும்?”

“அதான். யாருமே கேக்கல” என்றாள், ஏதோ பெரிய விஷயம்போல.

வீட்டுக்குப் போய், அத்தை கோயிலுக்குத்தான் போனாள் என்றும், கூட்டம் முடியும்வரை நான் கோயில் வளாகத்தில் விளையாடினேன் என்றும் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைக் கொஞ்சநேரம் பார்த்தாள். “அடுத்த வாரமும் போ” என்றாள்.

போனேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் போனேன்.

செவிடன் படம் ஓஹோவென்று ஓடியது. அதனால் தியேட்டர்காரர் இரண்டு வாரம் கழித்து இன்னொரு படம் கொண்டுவந்தார். ரோஸ் கலர் நோட்டீஸை ஜட்காவிலிருந்து வீசிக்கொண்டே போனார்கள். ‘செவிடன் மீண்டும் வருகிறான்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அத்தை அந்த வாரம் முழுக்கச் சந்தோஷமாக இருந்தாள். சனிக்கிழமை படம் ஆரம்பித்து அஞ்சு நிமிஷத்தில் என் தொடையைக் கிள்ளினாள்.

“இவன் அவன் இல்லளா.”

“அதே தொப்பிதான அத்தை?”

“தொப்பிய யாரு வேணும்னாலும் வைக்கலாம். கண்ணைப் பாரு.”

எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. அவன் அறையில் தனியாக இருக்கிறான். கதவைத் தட்டுகிறார்கள். அவன் சட்டென்று திரும்பித் துப்பாக்கியை எடுக்கிறான். அத்தை பெஞ்சை விட்டு எழுந்தே விட்டாள்.

“கதவு தட்டுத சத்தம் கேட்டுத் திரும்புதான்! செவிடன் எப்பிடித் திரும்புவான்?”

சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து ஒரு தோணிக்காரர், “அதான, தங்கச்சி கேக்கது நியாயம்தான!” என்று கத்தினார். கொட்டகையே சிரித்தது. மீன் விற்கிற அம்மா விழித்து, படம் முடிந்துவிட்டதா என்று கேட்டாள்.

வெளியே வந்ததும் அத்தை படிக்கட்டில் நின்ற கட்டம் போட்ட சட்டைக்காரரிடம் போனாள். அவர்தான் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது. முதல் நாள் அத்தை அவரிடம் கேட்டுச் சிரித்ததும், அந்த வாரப் படம் எப்படி என்கிற கேள்விதான்.

“அண்ணாச்சி, இது அந்த ஆளே இல்ல. போன வாரம் கேட்டதுக்கு அதே ஆளுன்னு சொன்னியளே?”

“எனக்கெங்க தங்கச்சி தெரியும்? பெட்டியில என்ன வருதோ அதை ஓட்டுதேன். நோட்டீஸ் அடிக்கது முதலாளி.”

பிறகு வந்ததெல்லாம் அப்படித்தான். செவிடனின் தம்பி வந்தான். செவிடனின் பழிவாங்கல் வந்தது. ஒன்றில் அவனுக்குத் தாடி. ஒன்றில் மற்றவர்கள் அவனை வேறு ஏதோ பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், நோட்டீஸில் மட்டும் செவிடன் என்று இருந்தது. ஒரு படத்தில் ரீல் மாறிப்போய், செத்தவன் அடுத்த ரீலில் எழுந்து வந்து சூப்புக் குடித்தான். அத்தைக்கு ஒவ்வொரு படத்தின் மீதும் சந்தேகம். ஆனாலும் ஒன்றைக்கூட விடவில்லை. ஏமாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொண்டே எதற்குப் போகிறாய் என்று ஒரு நாள் கேட்டேன்.

“ஒருவேளை இந்தத் தடவை அவனா இருந்துட்டா?” என்றாள்.

இன்னொரு சந்தேகத்தையும் அவள்தான் எனக்குள் போட்டாள். படத்தில் பேசுகிறவர்களின் வாய் ஒன்று சொல்லும், சத்தம் ஒன்று சொல்லும். எனக்கு அது பிரிண்ட் கோளாறு என்று எண்ணம். அத்தை பெயர்கள் ஓடும்போது உற்றுப் பார்க்கச் சொன்னாள்.

“நடிக்கவன் பேரெல்லாம் அமெரிக்காக்காரன் பேரு. அதுக்குக் கீழ சின்ன எழுத்துல வாரானுவல்ல, கேமரா, லைட்டு, அவனுவ பேரைப் பாரு. ஓ-ல முடியும், ஈ-ல முடியும். நான் கப்பல் ஆளுவ பேரு டைப் அடிச்சி அடிச்சிக் கை தேஞ்சவ. எல்லாம் இத்தாலிக்காரன்.”

“அப்ப அமெரிக்கா?”

“எங்கன அமெரிக்கா? எல்லாம் இத்தாலியில செஞ்சது.”

“பாப்பு இருக்க ஊர்லயா?” என்று கேட்டேன். எங்கள் வீட்டுச் சுவரில் பாப்பரசரின் படம் மாட்டியிருந்தது.

“அந்த ஊர்லதான்” என்று அத்தை விழுந்து விழுந்து சிரித்தாள்.

எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. கண்ணால் பார்த்த ஒரு நாடே இல்லை என்றால், ஞானோபதேச வகுப்பில் சொல்கிற மற்றதெல்லாம் எப்படி? அப்பா துறையில் வேலை என்கிறாரே, அவர் அங்கேதான் போகிறாரா? அந்த வருஷம் நான் எல்லோருடைய வாயையும் பார்க்க ஆரம்பித்தேன். சாமியார் பிரசங்கம் வைக்கும்போது அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை ஆபீசில் கிடைத்த ஒரு டைரியில் ஒவ்வொரு படத்தைப் பற்றியும் எழுதுவாள். நீல மை, அச்சுப்போல் கையெழுத்து. எனக்கு வாசித்தும் காட்டுவாள். அதில் படத்தின் பெயர் இருக்காது. அவளுக்கு எந்தப் படம் என்று தெரியும், எனக்கும் தெரியும். வேறு யார் வாசிக்கப்போகிறார்கள்?

அம்மா வாசித்தாள்.

அது ஒரு சனிக்கிழமை. முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைக்குத் தயாராகிற பிள்ளைகளுக்கு அன்று கூடுதல் வகுப்பு இருந்ததால் நான் அத்தையோடு போகவில்லை. வீட்டுக்கு வந்தபோது அத்தையின் தகரப்பெட்டி நடுவீட்டில் திறந்து கிடந்தது. அப்பா மேசை முன்னால் டைரியோடு உட்கார்ந்திருந்தார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தியேட்டர் பக்கம் உன் தங்கச்சி ஒரு ஆளிடம் பேசிக்கொண்டு நிற்கிறாள் என்று துறையில் யாரோ அப்பாவிடம் சொல்லியிருக்கிறார்கள். என்னை யாரும் உள்ளே போகச் சொல்லவில்லை. அதனால் நின்றேன்.

ஐந்தரைக்கு அத்தை வந்தாள். குடையை மடக்கிக்கொண்டே பெட்டியைப் பார்த்தாள். அப்பா நிமிராமல் வாசிக்கத் தொடங்கினார்.

“அவன் திரும்பி வந்துவிட்டான் என்றார்கள். ஆசையோடு போனேன். அவன் இல்லை. தொப்பி அவனுடையது, கண் அவனுடையது இல்லை.”

பக்கத்தைத் திருப்பினார்.

“இவன் கைகள் அழகாக இருக்கின்றன. ஆனாலும் முதலில் பார்த்தவனை மறக்க முடியவில்லை.”

இன்னொரு பக்கம்.

“இன்றும் ஏமாந்தேன். இருந்தாலும் அடுத்த சனிக்கிழமை போவேன்.”

டைரியை மூடினார். “எத்தனை பேருளா?”

அத்தை செய்த ஒரே தப்பு, அப்போது சிரித்ததுதான். அடக்க முடியாமல், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “அய்யோ அண்ணே, அது படம். கௌபாய் படம். செவிடன்னு ஒருத்தன் வருவான்...”

“சினிமாவா?”

“ஆமண்ணே. மேட்னி.”

“ஒத்தையிலயா? அந்தக் கப்பக்காரனுவ பீடி குடிச்சிட்டு உக்காந்துருக்க எடத்துல, ஒரு பொம்பளை ஒத்தையில போயி, பாஷை தெரியாத படம் பாத்துட்டு வாரா. அதை நான் நம்பணும்.”

“எனக்குப் பாஷை தெரியும்.”

“மதினி சேலைய மோந்து பாத்து எத்தனை நாளாச்சி தெரியுமா? கூட்டம், கூட்டம்னு நீ சொன்ன பொய்ய நம்புனவன் நான்.”

“படத்துக்குப் போறேன்னு சொன்னா விட்டுருப்பியளா?”

அப்பா டைரியை மேசையில் தள்ளி வைத்தார். அத்தை என் பக்கம் திரும்பினாள். அவள் முகத்தில் பயமே இல்லை. முடிந்துபோகிற விஷயம் என்றுதான் நினைத்தாள்.

“இவகிட்டக் கேளுங்க. இவளும் எங்கூட வந்தா. எல்லாப் படமும் பாத்துருக்கா. ஏளா, சொல்லுளா.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது எல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எத்தனை சனிக்கிழமை அம்மாவிடம் கோயில் என்று சொன்னேன் என்று எண்ணினேன். மூலையில் இருந்த பிரம்பைப் பார்த்தேன். அடுத்த மாதம் புதுநன்மை, வெள்ளைக் கவுன் தைத்து வந்து அலமாரியில் தொங்கிக்கொண்டிருந்தது. பொய் சொன்ன பிள்ளைக்கு நன்மை கொடுக்க மாட்டார்கள் என்று வகுப்பில் அன்றைக்குத்தான் சொல்லியிருந்தார்கள்.

“நான் போகலை” என்றேன்.

அத்தைக்குக் கேட்டிருக்கும். இருந்தாலும் கேட்காதவள்போல் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நான் கோயில்லதான் வெளையாடிட்டு இருந்தேன். அத்தை எங்க போனான்னு எனக்குத் தெரியாது.”

அத்தை அழவில்லை. மேசையிலிருந்த டைரியை எடுத்துப் பெட்டியில் வைத்து, கலைத்துப்போட்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள். அவள் மடித்து முடிக்கும்வரை நாங்கள் மூன்று பேரும் நின்றுகொண்டே இருந்தோம்.

திங்கட்கிழமை அத்தை ஆபீசுக்குப் போகவில்லை. அப்பாவே போய், உடம்புக்குச் சரியில்லை என்று சொல்லி, பிறகு வேலையை விட்டுவிட்டதாகக் கடிதம் கொடுத்துவிட்டு வந்தார். இரண்டு வாரத்தில் மாப்பிள்ளை வந்தது. சாகுபுரம் கெமிக்கல் ஆலையில் வேலை. மனைவி இறந்துபோய் இரண்டு வருஷம். இரண்டு பிள்ளைகள். இந்தத் தடவை அத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தார்கள். யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று சாமியார் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்று ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருக்கும். என்ன சொல்வது என்று தெரியாது.

புதுநன்மைக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம். பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் சாமியாரின் மூக்குப்பொடி வாசனை.

“பொய் சொன்னேன் சாமி.”

“எத்தனை தரம்?”

“ரெண்டு தரம்” என்றேன். அதுவும் பொய்.

“இனிமே சொல்லாத. மூணு அருள் நிறைந்த மந்திரம் சொல்லு.”

என்ன பொய், யாரைப் பற்றி என்று அவர் கேட்கவில்லை. கேட்பார் என்று நான் பயந்திருந்தேன். கேட்காதபோது அதைவிடப் பயமாக இருந்தது. வெள்ளைக் கவுனைப் போட்டுக்கொண்டு மறுநாள் முழங்காலிட்டேன். அத்தைதான் எனக்குத் தலைசீவிப் பூமுடி வைத்துவிட்டாள். சீவும்போது, “நேரா பாரு” என்றாள். அந்த மாதம் முழுக்க அவள் என்னிடம் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

கொண்டல் காற்று திரும்பி முதல் மழை விழுந்த வாரம் அவளுக்குக் கல்யாணம் நடந்தது.

மாமா நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட வேண்டும். குரலை உயர்த்தத் தெரியாதவர். அத்தை அந்த இரண்டு பிள்ளைகளையும் வளர்த்தாள், படிக்க வைத்தாள், அவர்களும் அவளை அம்மா என்றே கூப்பிட்டார்கள். அவளுக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு வருவாள். எனக்கு வளையல், ரிப்பன் வாங்கி வருவாள். என் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பே வந்து பந்தி வரை எல்லாம் பார்த்தாள். சினிமாவைப் பற்றி மட்டும் யாரும் அவளிடம் பேசமாட்டோம். எங்கள் வீட்டு டிவியில் குதிரை ஓடினால் யாராவது எழுந்து சேனலை மாற்றிவிடுவோம்.

அப்பா இறந்த பிறகு அம்மா என்னோடு வந்து இருந்தாள். ஒரு நாள் காலை அடுப்படியில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தோம். பேச்சுவாக்கில், மனதில் இத்தனை வருஷம் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அன்றைக்கு நான் பொய் சொன்னேன் அம்மா, நானும் அத்தைகூடப் படத்துக்குப் போனேன் என்றேன்.

அம்மா உரிப்பதை நிறுத்தவில்லை.

“தெரியும்.”

“எப்பிடி?”

“ஒந்தலைய அந்த வருசம் யாரு சீவுனது? ஒந்தலையும்தான் பீடி நாத்தம் நாறுச்சி.”

என் கை நின்றுவிட்டது. “அப்பாவுக்கு?”

“உங்கப்பாவும் விசாரிச்சாரு. அடுத்த நாளே தியேட்டருக்குப் போனாரு. டிக்கெட் கிழிக்க பொம்பளை எல்லாம் சொல்லிட்டா. ஆம்பளை யாரும் கெடையாது, ஒத்தையிலதான் வரும், கொஞ்ச நாளா ஒரு சின்னப் பிள்ளை கூட வருதுன்னு சொல்லியிருக்கா.”

“பெறகு ஏம்மா?”

அம்மா இறாலைத் தண்ணீரில் அலசினாள். “நானும் கேட்டேன். மனுசன் வெளிய நின்னு ரொம்ப நேரம் கடலப் பாத்தாரு. ஆளுன்னு ஒருத்தன் இருந்தா, எவனா இருந்தாலும் போயி பேசி அவனுக்கே கெட்டிக் குடுத்துரலாம். ஆளே இல்லாம இப்பிடிப் போறான்னா, இதை நான் எவன்கிட்டப் போயி பேசன்னு கேட்டாரு.”

அதற்கடுத்த ஞாயிறு சாகுபுரத்துக்குப் பஸ் ஏறினேன். மாமா அதற்கு முன்பே தவறிவிட்டார். அத்தை தான் வளர்த்த மகனின் வீட்டில் இருந்தாள். எழுபது தாண்டியும் நிமிர்ந்துதான் நடந்தாள். மகனும் மருமகளும் பூசைக்குப் போயிருந்தார்கள். காப்பி போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். நான் முதலில் என்னுடையதைச் சொன்னேன். பிறகு அப்பாவுடையதைச் சொன்னேன். இடையில் அழுதேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அண்ணன் தியேட்டருக்குப் போனது எனக்கு அப்பவே தெரியும்” என்றாள். “அந்த டிக்கெட் அக்கா புதன்கெழம கோயில்ல வந்து எங்கிட்டச் சொல்லிட்டா. உங்க அண்ணன் வந்து கேட்டாரு, எல்லாம் சொல்லிட்டேன், இனி ஒண்ணும் பயமில்லன்னு சொல்லிட்டுப் போனா. பாவம், அவ எனக்கு நல்லது செஞ்சதா நெனச்சிட்டா.”

“பெறகு?”

“பெறகு என்ன? நாலு நாள் பாத்தேன். அண்ணன் வந்து, தப்பா நெனச்சிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லுவான்னு. அவன் சாப்புடும்போது எதுக்க போயி நின்னு பாத்தேன். தண்ணி கேட்டான். அவ்வளவுதான். அஞ்சாம் நாள் மதினிகிட்ட நானே சொன்னேன், எந்த எடம்னாலும் பாருங்கன்னு. நெசம் தெரிஞ்சும் மாறாத வீட்டுல இருந்து என்ன செய்ய?”

அதுவரை அத்தையை அந்த வீட்டிலிருந்து அனுப்பியவர்கள் நாங்கள் என்றே நினைத்திருந்தேன். அவளே கிளம்பிப் போயிருக்கிறாள்.

“எம்மேல கோவமா அத்தை?”

அவள் காப்பி டம்ளர்களை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “நீ சொல்லியிருந்தாலும் அண்ணன் இதைத்தான் செஞ்சிருப்பான்” என்றாள். எனக்கு மூச்சு வந்தது. அவள் அடுப்படிக்குப் போய் டம்ளர்களைக் கழுவுகிற சத்தம் கேட்டது. கழுவிக் கவிழ்த்துவிட்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வாசற்படிக்கு வந்து நின்றாள்.

“ஆனாலும் நீ சொல்லியிருக்கலாம்ளா.”